நூறு வார்த்தைக்குள்

அருள்வளன் சார், உங்கள் கடிதம் கிடைத்தது.
“தங்களைப் பற்றிய குறிப்பு, நூறு வார்த்தைக்குள்.
நிகழ்ச்சி நிரலில் பின்னட்டை, இடது மூலை.”
எழுதுகிறேன்.

எப்சிபா. பாளையங்கோட்டை.
ஊசிக்கோபுரத்து மணி கேட்கும் தூரத்தில் பிறந்தவள்.
ஏழு வார்த்தை ஆயிற்று.

டிராம்போனை நான் தேர்ந்தெடுக்கவில்லை.
பள்ளி பேண்டில் கிளாரினெட் எல்லாம்
முன்வரிசைக்காரிகள் அள்ளிக்கொண்ட பின்
ஸ்லைடு சிக்கி, உள்ளே செத்த பாச்சையோடு
மிச்சம் கிடந்தது அது.
தேங்காய் எண்ணெய் விட்டேன், இன்னும் சிக்கியது.
கோல்டு கிரீம் தடவ வேண்டும் என்று
யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அதில் ஏழு இடங்கள்.
கோடு கிடையாது, புள்ளி கிடையாது.
கை போய் நிற்கிற இடம்தான் சுரம்.
ஏழாவது இடம் பன்னிரண்டு வயதுக் கைக்கு எட்டாது.
தோளைச் சாய்த்து, இடுப்பை முறுக்கி,
இரண்டு வருஷம் அந்தக் கீழ்ச் சுரத்தை
மூன்று விரல்கடை குறைவாகவே ஊதினேன்.
அடுத்த வீட்டு மாடத்தியக்கா சுவருக்கு மேலே கேட்பாள்:
“ஏட்டி, எருமைக்குப் பேறுகாலமா?”

திருச்செந்தூர் பஸ்ஸில் பெட்டிக்கு அரை டிக்கெட்.
“சீட்ட அடைச்சிருக்குல்லா, பிள்ள கணக்குதான்” என்றார் கண்டக்டர்.
அந்தச் சீட்டு இன்னும் பெட்டிக்குள் இருக்கிறது.

ஹாம்பர்கில் தேர்வு, திரைக்குப் பின்னால்.
செருப்புச் சத்தம் பெண் என்று காட்டிக்கொடுக்குமாம்,
கம்பளம் விரித்திருந்தார்கள்.
நான் கழற்றிப் போட்டுவிட்டே நடந்தேன்,
ஆலயத்துக்குள் போகிற பழக்கம்.

ஒன்பது வருஷம் ஆர்கெஸ்ட்ரா.
டிராம்போன்காரிக்குச் சம்பளம் பெரும்பாலும்
சும்மா இருப்பதற்கு.
மூன்று பகுதி முழுக்க மடியில் கிடத்திக்கொண்டு
தாளத்தை எண்ண வேண்டும்.
தமிழில்தான் எண்ணினேன்.
அவர்கள் ஒன்றை முன்னால் வைத்து இருபதைப் பின்னால் சொல்கிறார்கள்,
அதில் இறங்கினால் எங்கே நுழைவது என்று தெரியாது.

பிறகு தனிக் கச்சேரிகள். இருபத்தொரு வருஷம் பேராசிரியர்.
நீங்கள் கேட்டது இந்த ஒரு வரிதான், தெரியும்.

ஆனால் இரண்டாயிரத்து ஒன்பது இருக்கிறதே.
லீவுக்கு வந்தவள் குறுக்குத்துறைப் படியில் வழுக்கினேன்.
மேல் முன்பல்லில் பாதி
தாமிரபரணியோடு போயிற்று.

முருகன்குறிச்சி, முதல் மாடி, டாக்டர் கோமதிநாயகம்.
“கோணப் பல்லும்மா அது. போனதும் நல்லதுக்குத்தான்,
நேரா வச்சுத் தாரேன்.”
கோணலாகவே வேண்டும் என்றேன்.
முப்பது வருஷமாக என் காற்று
அந்தக் கோணலில் உரசித்தான் வெளியே போகிறது.

பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவைக் கொண்டுபோனேன்.
மூன்றாம் வரிசை. வாய் திறந்து சிரித்தது நான் ஒருத்திதான்.
லென்ஸ் வைத்துப் பார்த்தார், ரொம்ப நேரம்.
வைத்தார், ராவினார்.
நாற்காலியில் படுத்தபடியே ஊதினேன். இல்லை.
மறுபடி ராவினார். இல்லை.
வெளியே காத்திருந்த இரண்டு பேர்
உள்ளே என்ன நடக்கிறதோ என்று எழுந்து போய்விட்டார்களாம்.

நாலாவது தடவை ஏழாம் இடத்துக்குக் கையை நீட்டினேன்.
ஸ்லைடின் நுனி கொப்பளிக்கிற கிண்ணத்தில் டங்கென்று இடித்தது.
சுரம் வந்தது.
“போதுமா?”
“ஒரு நூல் மட்டும்.”
கோபிக்கவில்லை. மறுபடி அரத்தை எடுத்தார்.

என் மாணவர்கள் பேராசிரியரின் ஒலி என்று எதையோ சொல்கிறார்கள்.
அதற்கு ரசீது இருக்கிறது, ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.

நூறு எப்போதோ தாண்டிவிட்டது.
எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள்,
பல்லைத் தவிர.

மறந்துவிட்டேன்:
இரண்டாம் பகுதி மெதுவானது,
அப்போது மேடை மின்விசிறியை நிறுத்தச் சொல்லுங்கள்.
மாட்டேன் என்றால்
துணிக்குப் போடுகிற கிளிப் நாலு.